சந்தையை நடத்துபவருக்கும் சட்டம் வேண்டும்

ஆன்லைன் வணிகம் குறித்து நம்மிடையே நடக்கும் விவாதம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. கடையை விட அங்கே விலை குறைவா? தெருமுனை அண்ணாச்சி கடை இனிப் பிழைக்குமா? இரண்டும் நியாயமான கவலைகள்தான். ஆனால் இவற்றுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் புதிய சந்தையை நடத்துவது யார்? எந்த விதிப்படி நடத்துகிறார்கள்? அங்கே கடை போட்டவருக்கும் பொருள் வாங்க வந்தவருக்கும் அந்த விதி தெரியுமா? இந்தக் கேள்விக்கு விடை காணாமல் விலையைப் பற்றியும் அண்ணாச்சி கடையைப் பற்றியும் எவ்வளவு பேசினாலும் பயனில்லை. ஆன்லைன் வணிகத்தைத் தடுக்கவும் வேண்டாம், அதன் போக்கில் விட்டுவிடவும் வேண்டாம். சந்தையை நடத்தும் நிறுவனத்தின் நடத்தைக்கு முன்கூட்டியே எழுதப்பட்ட, எல்லோருக்கும் தெரிந்த விதிகள் வேண்டும். அதுதான் இன்றைய அவசரத் தேவை.

ஆன்லைன் விற்பனையின் அடிப்படை எளிமையானது. ஒரு நிறுவனம் தானே சரக்கை வாங்கிக் கிடங்கில் வைத்துத் தன் இணையதளத்தில் விற்கலாம். இது கடை. அல்லது சரக்கு எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ளாமல், ஆயிரக்கணக்கான விற்பனையாளர்களுக்கு இடம் கொடுத்து, அவர்களை வாங்குவோரோடு இணைத்து, அதற்குக் கட்டணம் பெறலாம். இது சந்தை. உற்பத்தியாளர் தன் சொந்தத் தளத்தில் நேரடியாக விற்பதும், வாட்ஸ்அப் குழுவில் சேலை விற்பதும், ஆலைக்கு ஆலை மொத்தமாக நூல் விற்பதும் இதே உலகத்தின் வேறு பகுதிகள். ஆனால் அமேசான், ஃப்ளிப்கார்ட், மீஷோ என்று நாம் சொல்லும்போது குறிப்பது பெரும்பாலும் இரண்டாவது வகையைத்தான். இந்தியச் சட்டமும் இந்த வேறுபாட்டின் மீதே நிற்கிறது. சந்தையாக மட்டும் இயங்கும் நிறுவனத்தில் 100 சதவீத அந்நிய முதலீடு இருக்கலாம், சரக்கைத் தானே வைத்து விற்கும் நிறுவனத்தில் கூடாது என்று 2016 மார்ச்சில் மத்திய அரசு தெளிவுபடுத்தியது.

இந்த வணிகம் இந்தியாவில் வேரூன்றிய விதத்தையும் கவனிக்க வேண்டும். 2002-ல் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் ரயில் டிக்கெட் விற்கத் தொடங்கியபோதுதான் நடுத்தரக் குடும்பங்கள் பல முதன்முதலாக இணையத்தில் பணம் கட்டிப் பழகின. 2007-ல் பெங்களூரில் புத்தகக் கடையாகத் தொடங்கிய ஃப்ளிப்கார்ட், 2010-ல் பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுத்தால் போதும் என்ற முறையைக் கொண்டுவந்தது. பார்க்காத கடையை நம்பி முன்பணம் கட்டத் தயங்கியவர்களின் தயக்கத்தைப் போக்கியது அந்த ‘கேஷ் ஆன் டெலிவரி’தான். 2013-ல் அமேசான் வந்தது. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. 2018-ல் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃப்ளிப்கார்ட்டின் சுமார் 77 சதவீதப் பங்கை வாங்கியது. வெறும் பதினோரு ஆண்டுகளில் புத்தகக் கடை ஒன்று உலகின் மிகப் பெரிய சில்லறை நிறுவனத்தின் சொத்தாகிவிட்டது. எந்தப் பொருளையும் உற்பத்தி செய்யாத ஒரு நிறுவனத்துக்கு இவ்வளவு விலை கொடுக்கப்பட்டது. அங்கே கூடும் கூட்டத்துக்கும், அந்தக் கூட்டத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்யும் அதிகாரத்துக்கும்தான் அந்த விலை.

இந்த அதிகாரத்தை உணர விற்பனையாளரின் கணக்குச் சீட்டைப் பார்க்க வேண்டும். திருப்பூரில் பனியன் தைப்பவரோ கரூரில் தலையணை செய்பவரோ இந்தச் சந்தையில் கடை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் கொடுத்த விலையிலிருந்து முதலில் கமிஷன் போகும். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நிலையான கட்டணம் போகும். பொருளைக் கொண்டு சேர்க்கும் கட்டணம் தனி. சந்தையின் கிடங்கிலேயே சரக்கை வைத்தால் அதற்கு வாடகையும், எடுத்துப் பொட்டலம் கட்டும் கூலியும் தனி. இந்தச் சேவைக் கட்டணங்கள் எல்லாவற்றின் மீதும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. கூரியர் கட்டணத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வரும் எண்ணை ‘பரும எடை’ என்பார்கள். உண்மையான எடை, பரும எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். தலையணை போல எடை குறைந்து பருத்த பொருளை விற்பவருக்கு இது பெரிய சுமை. அளந்தது சரியா என்று தகராறு வந்தால், அளந்தவர் சந்தைக்காரரின் ஆளாகவோ அவர் அமர்த்திய கூரியராகவோதான் இருப்பார்.

இதைவிட வலிக்கும் இழப்பு ஒன்று உண்டு. விற்பனையாளர்கள் அதை ‘ஆர்.டி.ஓ.’ என்கிறார்கள். கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் போட்டவர், பொருள் வாசலுக்கு வந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அது புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். விற்பனை நடக்கவே இல்லை. ஆனால் பொட்டலம் கட்டிய செலவும், பொருள் வழியில் சிக்கிக்கிடந்த நாட்களும், திரும்பி வரும்போது கசங்கி அழுக்காகியிருந்தால் அந்த நட்டமும் விற்றவர் தலையில்தான். வாங்குவோரின் நம்பிக்கையை வளர்த்த அதே ஏற்பாட்டின் செலவைச் சிறு விற்பனையாளர் சுமக்கிறார். அதில் எவ்வளவை அவர் சுமக்க வேண்டும், எவ்வளவைச் சந்தை ஏற்க வேண்டும் என்று முடிவு செய்வது சந்தை நடத்துபவர் ஒருவர் மட்டுமே. கட்டண அட்டவணை மாறும்போது விற்பனையாளருக்கு ஒரு மின்னஞ்சல் வரும். பேரம் பேச அவருக்கு எதிரே ஆள் யாரும் இல்லை.

கட்டணமாவது அட்டவணையில் கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாதது வரிசை. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைத் தேடுபவரின் கைபேசித் திரையில் முதலில் நிற்பது எந்த மிட்டாய்? நல்ல மிட்டாயாக இருக்கலாம், நிறைய விற்றதாக இருக்கலாம், விளம்பரக் கட்டணம் செலுத்தியதாகவும் இருக்கலாம். திரையில் முதல் நான்கைந்து இடங்களைத் தாண்டிக் கீழே போகிறவர்கள் குறைவு என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதனால் இடம்தான் வியாபாரம், அந்த இடம் விலைக்கு வருகிறது. அமேசான் நிறுவனம் உலக அளவில் விளம்பரத்தின் மூலம் மட்டும் 2023-ல் சுமார் 4,690 கோடி டாலரும் 2024-ல் சுமார் 5,620 கோடி டாலரும் ஈட்டியது. அதில் கணிசமான பகுதி, அதன் சந்தையில் கடை போட்டவர்கள் தங்கள் பொருள் முன்னால் தெரிவதற்காகச் செலுத்தியது.

இந்தியாவில் கமிஷன் குறைந்துவருகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். மீஷோ 2021-ல் கமிஷனே வேண்டாம் என்றது. போட்டியைச் சமாளிக்க, 300 ரூபாய்க்குக் குறைவான பெரும்பாலான பொருட்களுக்கு அமேசானும் 2025 ஏப்ரலில் கமிஷனை நீக்கியது. போட்டி இருக்கும் இடத்தில் சிறு விற்பனையாளர் பயன் பெறுகிறார் என்பதற்கு இது நல்ல சான்று. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கமிஷனை விட்டுக்கொடுத்த நிறுவனம் வேறெங்காவது சம்பாதித்தாக வேண்டும். அந்த வேறிடம் விளம்பரமும் போக்குவரத்தும்தான். அட்டவணையில் எழுதப்பட்ட கட்டணம் குறைகிறது, யார் முன்னால் தெரிவது என்ற எழுதப்படாத ஏலத்தின் பங்கு கூடுகிறது. கணக்குத் தெரிந்த செலவைவிடக் கணக்குத் தெரியாத செலவு சிறு வியாபாரிக்கு ஆபத்தானது.

தமிழ்நாட்டுக்கு இது புதிய அனுபவம் அல்ல. மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தை நாம் அறிவோம். பருத்தி, கடலைச் சந்தைகளில் ஒரு காலத்தில் தரகரும் வியாபாரியும் அப்படித்தான் விலையை முடித்தார்கள். விளைவித்த விவசாயிக்குப் பேசிய விலை தெரியாது. எடைக்கல் தரகருடையது. கையில் வரும் பணத்தில் தரகு, மகமை, சாம்பிள் என்று பல பிடித்தங்கள். 1928-ல் அறிக்கை தந்த ராயல் விவசாயக் கமிஷன், இந்தச் சந்தைகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் வேண்டும் என்றது. 1933-ல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் பிறந்தது அப்படித்தான். அந்தச் சட்டம் வியாபாரத்தை அரசுடைமை ஆக்கவில்லை, விலையையும் நிர்ணயிக்கவில்லை. எடை சரியாக இருக்க வேண்டும், ஏலம் எல்லோர் காதிலும் விழ வேண்டும், பிடித்தம் இவ்வளவுதான் என்று முன்பே தெரிய வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அந்த விற்பனைக்கூடங்கள் எல்லாம் நன்றாக நடந்தன என்று சொல்ல முடியாது. அவற்றுக்கு வெளியேதான் இன்றும் நிறைய விளைபொருள் விற்கிறது. ஆனாலும் சந்தை நடத்துபவர் நினைத்ததே விதி என்ற நிலைக்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைக்கலாம் என்ற கொள்கை அன்றே நிலைநாட்டப்பட்டது. இன்றைய தேடல் வரிசை அந்தத் துண்டின் வேலையைத்தான் செய்கிறது.

மத்திய அரசு இதுவரை ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயம் ஆகாது. ஆனால் செய்ததில் பெரும்பகுதி தவறான இடத்தைக் குறி வைத்தது. சந்தை நடத்தும் அந்நிய முதலீட்டு நிறுவனம், அதே சந்தையில் விற்கும் நிறுவனத்தில் பங்கு வைத்திருக்கக் கூடாது என்று 2018 டிசம்பரில் விதி வந்தது. 2019 பிப்ரவரி முதல் அமலானது. இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தியின் முதலீட்டு நிறுவனமும் அமேசானும் சேர்ந்து நடத்திய கிளவுட்டெயில் என்ற பெரிய விற்பனை நிறுவனம், பங்கு விகிதத்தை மாற்றிக்கொண்டு தொடர்ந்து, 2022-ல்தான் மூடப்பட்டது. இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பிளிங்கிட்டின் தாய் நிறுவனமான எடர்னல், அந்நியப் பங்குக்கு 49.5 சதவீத உச்சவரம்பு வைக்க 2025-ல் தன் பங்குதாரர்களின் ஒப்புதலைப் பெற்றது. அப்படி இந்தியருக்குச் சொந்தமான நிறுவனமாகிவிட்டால் சரக்கைத் தானே வைத்து விற்கத் தடை இல்லை. சட்டப்படி இதில் தவறே இல்லை. ஆனால் தன் சந்தையில் தன் சரக்கையே முன்னால் நிறுத்தும் வாய்ப்பு, முதலீட்டாளரின் கடவுச்சீட்டு மாறியதும் நியாயமாகிவிடுமா? நம் விதி பணம் எந்த நாட்டுடையது என்று கேட்கிறது. அந்தப் பணம் என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. நாளை முழுக்க முழுக்க இந்திய முதலாளி ஒருவர் இந்தச் சந்தைகளை வாங்கினாலும், கரூர்க்காரரின் கணக்குச் சீட்டு அப்படியேதான் இருக்கும்.

நடத்தையைக் கேட்கும் சட்டம் ஒன்று இருக்கிறது, போட்டிச் சட்டம். குறிப்பிட்ட சில விற்பனையாளர்களுக்கு முன்னுரிமை, கைபேசிகளை ஒரே தளத்தில் மட்டும் வெளியிடும் ஒப்பந்தம், அளவு மீறிய தள்ளுபடி ஆகியவை பற்றி டெல்லி வணிகர் அமைப்பு ஒன்று கொடுத்த புகாரின் பேரில், அமேசான், ஃப்ளிப்கார்ட் மீது விசாரணை நடத்த இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. அந்த விசாரணை நடக்கலாமா என்பதே உயர் நீதிமன்றம் சென்று, 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில்தான் முடிவானது. நீதிமன்றத்தை நாடுவது நிறுவனங்களின் உரிமை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் விசாரணை நடக்கலாமா என்று தீர்மானிக்கவே ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும் என்றால், ஆறு மாத நட்டத்தைத் தாங்க முடியாத சிறு விற்பனையாளருக்கு அந்தச் சட்டத்தால் என்ன பயன்? தவறு நடந்த பிறகு தண்டிக்கும் சட்டம் மெதுவாகவே நடக்கும். எனவேதான் எது கூடாது என்பதை முன்பே எழுதிவைக்கும் சட்டம் தேவை என்கிறேன்.

அப்படி ஒன்றை ஐரோப்பிய ஒன்றியம் செய்து காட்டியிருக்கிறது. 2020 ஜூலை முதல் அங்கே, விற்பனையாளரின் கணக்கை முடக்கும் தளம் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நிரந்தரமாக நீக்குவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். விதிமுறையை மாற்றினால் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். வரிசையைத் தீர்மானிக்கும் முக்கியக் காரணிகளைச் சொல்ல வேண்டும். தன் சந்தையில் விற்பவர்களின் வெளியில் தெரியாத விற்பனைத் தகவலைத் தன் சொந்தச் சரக்கை விற்கப் பயன்படுத்த மாட்டேன் என்று 2022 டிசம்பரில் அமேசான் ஐரோப்பிய ஆணையத்திடம் கொடுத்த உறுதிமொழி அங்கே அந்த நிறுவனத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தும். அதன் பிறகு அமேசான் ஐரோப்பாவை விட்டுப் போய்விடவில்லை. அதே நிறுவனம் இந்தியாவிலும் இதே ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியாது என்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

இதற்கு வரும் முதல் எதிர்வாதம் வலுவானது. யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பிடிக்காத விற்பனையாளர் வெளியேறலாமே என்பது. இந்தச் சந்தைகள் தந்த நன்மையை மறுப்பவர் விற்பனையாளர் பக்கம் நின்று பேச முடியாது. திருப்பூரில் பத்துத் தையல் எந்திரம் வைத்திருப்பவர் அசாமில் உள்ள ஒருவருக்குப் பனியன் விற்பது இருபது ஆண்டுகளுக்கு முன் நடக்காத காரியம். ஆனால் வெளியேறும்போது அவர் கையில் எதை எடுத்துப் போகிறார்? வாட்ஸ்அப்பில் சேலை விற்கும் பெண்ணிடம் வாடிக்கையாளரின் தொலைபேசி எண் இருக்கிறது. அவர் நாளை வேறு செயலிக்கு மாறினாலும் அந்த உறவு கூடவே வரும். பெரிய சந்தையில் ஐந்தாண்டு விற்றவருக்கு வாங்கியவரோடு அப்படி ஒரு தொடர்பு இல்லை. அவர் நேர்மையாக உழைத்துச் சேர்த்த நட்சத்திர மதிப்பீடுகளும் விமர்சனங்களும் சந்தைக்காரரின் ஏட்டிலேயே தங்கிவிடும். புதிய இடத்தில் அவர் பெயர் தெரியாத ஆள். வெளியேற முடியும் என்பது உண்மை, வெளியேறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும் உண்மை. வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணை அவர் சம்மதமின்றிக் கொடுக்கச் சொல்லவில்லை. விற்பனையாளரின் மதிப்பீட்டு வரலாற்றையாவது அவர் சொத்தாக அங்கீகரித்து, விரும்பிய இடத்துக்கு எடுத்துச் செல்ல வழி செய்ய வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம் வாங்குபவர் பக்கத்திலிருந்து வருகிறது. விலை குறைவு, விருப்பமான பொருள் கிடைக்கிறது, பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். இதில் அரசு நுழைந்தால் கெட்டுவிடும் என்கிறார்கள். கிராமத்துப் படிப்பாளிக்குத் தேர்வுப் புத்தகம் வீட்டுக்கே வருவதும், நடக்க முடியாத முதியவருக்கு மருந்து வந்து சேர்வதும் சாதாரண நன்மைகள் அல்ல. ஆனால் விற்பவர் கட்டும் விளம்பரக் கட்டணம் கடைசியில் பொருளின் விலையில்தான் ஏறும். அமெரிக்காவில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 செப்டம்பரில் அமேசான் மீது தொடுத்த வழக்கின் சாரமும் அதுதான். வேறு தளத்தில் குறைந்த விலைக்கு விற்பவரை அமேசான் தன் தேடலில் பின்னுக்குத் தள்ளுகிறது, தேடல் பக்கத்தை விளம்பரங்களால் நிரப்புகிறது என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுக்கிறது, வழக்கு நடக்கிறது. குற்றச்சாட்டு நிரூபணமானால் அதன் பொருள், அமேசானில் வாங்காதவரும் அதிக விலை கொடுத்திருக்கிறார் என்பது. வாங்குபவரை ஏமாற்றும் திரை உத்திகள் 13 வகை என்று பட்டியலிட்டு, கேட்காமல் பொருளைக் கூடையில் சேர்ப்பது, பொய்யான அவசரம் காட்டுவது போன்றவற்றை 2023 நவம்பரில் மத்திய அரசு தடை செய்தது. அதனால் ஆன்லைன் வணிகம் ஒன்றும் படுத்துவிடவில்லை. விற்பவருக்கும் அதே அக்கறை காட்டினால் வாங்குபவருக்கும் அது நல்லதே.

புதிய நிறுவனங்கள் முளைக்கவே முடியாமல் போகும் என்ற அச்சத்துக்கும் பதில் இருக்கிறது. 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு எல்லோரையும் கட்டவில்லை. இந்தியாவில் குறைந்தது ஒரு கோடி பயனர்கள் அல்லது 10,000 வணிகப் பயனர்கள், கூடவே 4,000 கோடி ரூபாய் விற்றுமுதல் போன்ற பெரிய வரம்புகளைத் தாண்டியவர்களுக்கே அது பொருந்தும். தஞ்சாவூரில் தலையாட்டி பொம்மை விற்கத் தளம் தொடங்குபவரை அது தொடாது. வரம்பு இன்னும் உயரவேண்டும் என்று யாராவது வாதிட்டால் கேட்கலாம். சட்டமே வேண்டாம் என்பதை ஏற்க முடியாது. அந்த வரைவு இன்னும் சட்டமாகவில்லை.

ஓ.என்.டி.சி. வந்துவிட்டதே, பிறகு சட்டம் எதற்கு என்போரும் உண்டு. ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத, எந்தச் செயலியில் தேடினாலும் எந்தச் செயலியில் பதிவு செய்த கடையும் தெரியும்படியான திறந்த வலையமைப்பு அது. 2022 ஏப்ரலில் சோதனை முறையில் தொடங்கிய ஐந்து நகரங்களில் கோவையும் ஒன்று. நல்ல முயற்சி; நான் அதை முழுமனதாக ஆதரிக்கிறேன். இந்தத் திசையில் பலன் வரும் என்பதற்கு ஆட்டோ சவாரியே சாட்சி. பெங்களூரில் இதே தொழில்நுட்ப அடிப்படையில் பிறந்த நம்ம யாத்ரி செயலி, சவாரிக்குச் சவாரி கமிஷன் பிடிக்காமல் ஓட்டுநரிடம் சிறு சந்தா மட்டும் வாங்கியது. 2025 பிப்ரவரியில் ஊபர் நிறுவனமும் ஆட்டோக்களுக்குக் கமிஷனைக் கைவிட்டுச் சந்தா முறைக்கு வந்தது. ஆனால் சவாரி கண்ணெதிரே தொடங்கிக் கண்ணெதிரே முடிகிறது. பொருள் அப்படி அல்ல. தேடிய செயலி ஒருவருடையது, கடையைப் பதிவு செய்தவர் இன்னொருவர், கொண்டுவந்தவர் மூன்றாமவர். உடைந்த மிக்ஸி வந்தால் யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு ஒரே தொலைபேசி எண்ணில் பதில் கிடைக்கும் வரை மக்கள் பழகிய தளத்தையே நாடுவார்கள். திறந்த அமைப்பு மட்டும் போதாது என்பதற்கு யு.பி.ஐ.யே உதாரணம். எந்த வங்கியும் எந்தச் செயலியும் சேரலாம் என்ற அந்த அமைப்பிலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகள் ஃபோன்பே, கூகுள்பே என்ற இரண்டு செயலிகள் வழியாகவே போயிருக்கின்றன. ஒரு செயலிக்கு 30 சதவீத உச்சவரம்பு என்று 2020-ல் அறிவித்த விதியின் கெடு, தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2026 டிசம்பர் வரை வந்திருக்கிறது. இருந்தாலும் யு.பி.ஐ.யில் செயலியை மாற்றினால் வங்கிக் கணக்கும் பணமும் நம்மோடு வருகின்றன. அந்த ஒரு சுதந்திரம்தான் ஆன்லைன் விற்பனையாளரிடம் இல்லாதது.

பத்து நிமிடத்தில் பால் பாக்கெட் கொண்டுவரும் விரைவு வணிகம் இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியிருக்கிறது. பிளிங்கிட், இன்ஸ்டாமார்ட், செப்டோ ஆகியவை பொதுமக்கள் நுழைய முடியாத சிறு கிடங்குகளை, டார்க் ஸ்டோர்களை, பேட்டைக்குப் பேட்டை வைத்து நடத்துகின்றன. பெரிய சந்தையில் கடைசி வரிசையிலாவது இடம் உண்டு. இந்தக் கிடங்கின் அலமாரி சிறியது. அதில் எந்த நிறுவனத்தின் இட்லி மாவு நிற்கும் என்பதை நடத்துபவர் முடிவு செய்கிறார். பேட்டைக்காரரின் மாவுக்கு அங்கே இடமே இல்லாமல் போகலாம். அந்த மாவைக் கொண்டுவரும் இளைஞருக்கு எந்த ஆர்டர் வரும், எவ்வளவு கிடைக்கும், அவர் கணக்கு ஏன் முடக்கப்பட்டது என்பதையும் அவர் பார்க்க முடியாத கணக்குதான் தீர்மானிக்கிறது. அவருக்காகத் தமிழ்நாடு அரசு நல வாரியம் அமைத்தது வரவேற்கத்தக்கது. நல உதவி அவசியம். வேலை எப்படிப் பங்கிடப்படுகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் அதே அளவு அவசியம்.

அடுத்து வருவது இன்னும் நெருக்கடியானது. செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியிடமே பொருளைக் கேட்டு, அங்கேயே பணம் கட்டி வாங்கும் முறை தொடங்கிவிட்டது. சாட்ஜிபிடிக்குள்ளேயே யு.பி.ஐ. வழியாகப் பணம் செலுத்தும் சோதனை இந்தியாவில் 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. இன்று தேடினால் நாற்பது பொருட்களின் வரிசையாவது வருகிறது. நாளை ‘நல்ல எண்ணெய் ஒன்று வாங்கு’ என்று சொன்னால் ஒரே ஒரு எண்ணெய்தான் வீட்டுக்கு வரும். அந்த ஒன்று ஏன் தேர்வானது என்று யாரிடம் கேட்பது? வரிசைக்கான விதியை இப்போதே வகுக்காவிட்டால், வரிசையே இல்லாத காலத்தில் அதை வகுப்பது மிகக் கடினம்.

இத்தனைக்கும் சட்டத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், பொருட்களின் வரிசையைத் தீர்மானிக்கும் முக்கியக் காரணிகளையும் அவற்றின் முக்கியத்துவத்தையும் எளிய மொழியில் விளக்க வேண்டும் என்று சந்தை நடத்துபவர்களுக்குக் கட்டளையிடுகின்றன. எளிய மொழி என்றால் திருப்பூர்க்காரருக்குத் தமிழ். செயலியைத் தமிழில் தந்து பொருள் விற்கத் தெரிந்த நிறுவனங்களுக்கு, வரிசைக்கான காரணத்தையும் கட்டணத்தையும் முடக்கத்துக்கான விளக்கத்தையும் தமிழில் தருவது சிரமமே இல்லை. அந்த விதியை முறையாக அமல்படுத்தும்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தை மாநில அரசும் வணிகர் சங்கங்களும் வலியுறுத்த வேண்டும். கணக்கை முடக்கும் முன் காரணம் சொல்வது, கட்டணத்தை மாற்றும் முன் அவகாசம் தருவது, விற்பவரின் தகவலைக் கொண்டு அவரோடு போட்டியிடாமல் இருப்பது, மதிப்பீட்டை எடுத்துச் செல்ல அனுமதிப்பது ஆகிய நான்கும் டிஜிட்டல் போட்டிச் சட்டத்தில் இடம்பெற வேண்டும். வரைவு வெளியாகி நாள் பல ஆகிவிட்டது. திருப்பூர், கரூர், சிவகாசி, கோவில்பட்டி வாக்குகளில் வென்று டெல்லி சென்ற உறுப்பினர்கள், கட்சி வேறுபாடு பார்க்காமல், அந்த மசோதா எங்கே என்று அடுத்த கூட்டத்தொடரிலேயே எழுந்து கேட்க வேண்டும்.